மலைக்குக் கொண்டுபோக ஒரு ஜிபிஎஸ் கருவி: எதை வாங்குவது, எப்படிப் பழகுவது?

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வனத்துறை அனுமதியோடு நாங்கள் நான்கு பேர் மாதம் ஒருமுறை கொட்டக்குடி, மேகமலைப் பக்கம் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறோம். மேலே ஏறியதும் கைப்பேசியில் சிக்னல் போய்விடுகிறது. தனியாக ஒரு கையடக்க ஜிபிஎஸ் வாங்க வேண்டுமா? வாங்கினால் எது? துபாயில் இருக்கும் மாமா அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அவரிடம் சொல்லிவிடலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. மாமாவிடம் சொல்லலாம். ஆனால் எந்தக் கருவி என்று முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் சொல்ல வேண்டும். கார்மின் நிறுவனத்தின் சில கருவிகளில் 'இன்ரீச்' என்ற வசதி இருக்கிறது. ஜிபிஎஸ்மேப் 66ஐ, 67ஐ என்று பெயரின் இறுதியில் 'ஐ' என்ற எழுத்து ஒட்டியிருக்கும். அவை இருப்பிடத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை. இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி அனுப்பவும் செய்யும். இந்தியாவில் இரிடியம், துரையா போன்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். மலையேற வந்த வெளிநாட்டுப் பயணிகள் இத்தகைய கருவியோடு நம் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். விவரம் அறியாமல் ஒருவர் ஆசையாக வாங்கிவந்து சுங்கச் சோதனையில் சிக்கிக்கொள்ளக் கூடாது. சாதாரண ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. வானத்திலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டி போன்றது அது. அந்த வகையைத்தான் நீங்கள் வாங்க வேண்டும்.

இனி வாங்க வேண்டுமா என்ற கேள்வி. மூணாறு பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். விடுமுறை நாள்களில் செடிகளைப் பட்டியலிடும் குழுக்களோடு இந்த எல்லை மலைகளில் இருபது ஆண்டுகளாக நடக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை வனத்துறை வழிகாட்டியோடு ஒருநாள் நடை போகிறவருக்குத் தனிக் கருவி தேவையே இல்லை. பணத்தை நல்ல காலணிக்குச் செலவிடலாம். நீங்கள் மாதாமாதம் போகிறீர்கள், பறவை பார்த்த இடத்தைக் குறிக்கிறீர்கள், அடுத்த மாதம் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தேவை.

சிக்னல் இல்லாவிட்டால் கைப்பேசியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கைப்பேசிக் கோபுரத்துக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் தொடர்பில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் துல்லியமான அணுக் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு, 'இப்போது மணி இது, நான் இருப்பது இங்கே' என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்த அலை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தொலைவைக் கணக்கிடுகிறது உங்கள் கையில் உள்ள கருவி. நான்கு செயற்கைக்கோள்களாவது தெரிந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றும் கிடைக்கும். நான்காவது எதற்கு என்றால், கருவியில் இருப்பது மலிவான கடிகாரம். அதன் பிழையைத் திருத்த ஒன்று கூடுதலாக வேண்டும். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தவறிவிடும்.

கோபுரம் உதவுவது தொடக்கத்தில் மட்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. இடையில் ஒரு மரக்கிளை மறைத்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கைப்பேசி அந்த விவரத்தை இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஊருக்குள் சட்டென்று இடத்தைக் காட்டும் கைப்பேசி, சோலைக்குள் போய் முதன்முறையாக இயக்கும்போது திகைத்து நிற்கிறது. இதற்கு மருந்து எளிது. குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கியதுமே, வானம் திறந்திருக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, கைப்பேசியானாலும் கருவியானாலும் இயக்கிவிட்டு, அது இடத்தைப் பிடித்த பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

அப்படியானால் கைப்பேசி போதாதா? துல்லியத்தில் இன்றைய கைப்பேசிகள் கருவிக்குப் பெரிதும் பின்தங்கவில்லை. வரைபடத்தில் கைப்பேசியே மேல். திரை பெரியது, ஆஸ்மண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் மாவட்டம் முழுவதையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஜூன் மாதச் சாரலில் தொடுதிரை படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். ஈர விரலால் தொட்டால் ஒன்று திறக்கும், மழைத்துளி விழுந்தால் வேறொன்று திறக்கும். அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கப் பூசிய மூக்குப்பொடியும் எண்ணெயும் விரலில் இருந்தால் இன்னும் மோசம். நண்பகல் வெயிலில் புல்மேட்டில் நின்றால் திரை இருண்டுபோய்த் தெரியும். எல்லைமுகட்டில் தமிழ்நாட்டுக் கோபுரத்தையும் கேரளக் கோபுரத்தையும் மாறி மாறித் தேடியே பாதி மின்சாரம் தீர்ந்துவிடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒருவருக்குக் கால் பிசகிவிட்டால் அல்லது பாம்பு கடித்துவிட்டால், சிக்னல் கிடைக்கும் முகடு வரை ஓடிப்போய் 112-ஐ அழைக்க வேண்டியது அதே கைப்பேசிதான். அதை வழி காட்டியே சாகடிக்கக் கூடாது. ஆகவே கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுப் பையின் உள்ளே உலர்ந்த உறையில் வையுங்கள். அந்தப் பயன்முறையிலும் பெரும்பாலான கைப்பேசிகளில் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பதால் அவசரத்துக்கு அதுவே இரண்டாவது கருவியாகவும் இருக்கும். கையில் இருக்க வேண்டியது பொத்தான் வைத்த கருவி.

பொத்தான் என்று அழுத்திச் சொல்கிறேன். கடையில் தொடுதிரைக் கருவிகளையும் காட்டுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். நம் மலைகளில் ஆண்டில் பாதி நாள் ஈரம். கையுறை போட்டாலும், விரல் விறைத்தாலும், சேறு பட்டாலும் பொத்தான் கேட்கும்.

அடுத்து பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ அளவு பேட்டரி இரண்டில் ஓடும் கருவிகள் இருக்கின்றன. உள்ளேயே பேட்டரி பொருத்தி, மின்னேற்றிக்கொள்ளும் கருவிகளும் இருக்கின்றன. பின்னது நாள்கணக்கில் தாங்கும் என்பது உண்மை. ஜிபிஎஸ்மேப் 67 ஒரே மின்னேற்றத்தில் 180 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். இருந்தும் நான் ஏஏ பக்கம்தான் சாய்வேன். பூப்பாறையில் பெட்டிக்கடையில் நுழைந்தாலும், தேவிகுளத்தில் தேநீர்க் கடைக்குப் பக்கத்தில் கேட்டாலும் அந்தப் பேட்டரி கிடைக்கும். மீண்டும் மின்னேற்றக்கூடிய, வைத்திருந்தாலும் மின்சாரம் அதிகம் கசியாத நிக்கல் வகை பேட்டரி நான்கு வாங்கிவிடுங்கள். இரண்டு கருவியில், இரண்டு பையில். கருவியின் அமைப்புகளுக்குள் பேட்டரி வகையைச் சொல்லும் இடம் இருக்கும், அங்கே சரியான வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மீதமுள்ள மின்சாரத்தைத் தவறாகக் காட்டும். சாதாரணக் கார பேட்டரி போட்டிருந்தால் ஊர் திரும்பியதும் கழற்றி எடுத்துவிட வேண்டும். மூன்று மாதம் மறந்துவிட்டால் கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். நல்ல கருவி ஒன்றை எங்கள் குழு அப்படித்தான் இழந்தது.

பெயர் சொல்லிக் கேட்டால், உங்கள் வேலைக்குக் கார்மினின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் அல்லது 32எக்ஸ் போதும். இரண்டும் ஏஏ பேட்டரியில் ஓடுபவை, நிறுவனக் கணக்கில் 25 மணி நேரம் வரை. இரண்டிலும் வரைபடம் ஏற்றலாம், வெயிலில் திரை தெளிவாகத் தெரியும். வேறுபாடு இதுதான்: 32எக்ஸில் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உள்ளன, 22எக்ஸில் இல்லை. திசைகாட்டி இல்லாத கருவி நீங்கள் நடந்தால்தான் திசையை அறியும். நின்ற இடத்தில் அதன் அம்பை நம்பக் கூடாது. மூடுபனியில் நின்று யோசிக்கும் வேளையில்தான் திசை தேவைப்படுகிறது என்பதால் கூடுதல் பணம் கொடுத்து 32எக்ஸ் வாங்குவதையே நான் விரும்புவேன். வரைபடமே வேண்டாம், தடமும் புள்ளியும் பதிந்தால் போதும் என்றால் ஈட்ரெக்ஸ் எஸ்இ இருக்கிறது. கறுப்பு வெள்ளைத் திரை, ஏஏ பேட்டரி இரண்டிலேயே வாரம் முழுக்கத் தாங்கும். பணம் தடையில்லை என்றால் ஜிபிஎஸ்மேப் 65எஸ். அதன் தனிச்சிறப்பு இரண்டு அலைவரிசைகளைக் கேட்பது. அது ஏன் நமக்கு முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

கொட்டக்குடி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் செங்குத்தான மலை. தெரியும் வானம் ஒரு கீற்று. செயற்கைக்கோளிலிருந்து நேரே வரும் அலையோடு, எதிர்ப்பாறையில் மோதித் திரும்பும் அலையும் கருவியை அடைகிறது. சுற்றிவந்த அலை தாமதமாக வருவதால் கருவி தொலைவைக் கூட்டிக் கணக்கிடுகிறது. நீங்கள் அசையாமல் நின்றாலும் திரையில் உங்கள் புள்ளி ஓடையைத் தாண்டிக் குதிக்கும். திறந்த புல்மேட்டில் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் நிற்கும் பிழை, இங்கே முப்பது நாற்பதாகிவிடும். சோலைக்குள் ஈரம் சொட்டும் இலைக்கூரை அலையின் வலிமையை உறிஞ்சிவிடும். எல்1 என்ற பழைய அலைவரிசையோடு எல்5 என்ற புதியதையும் கேட்கும் கருவி, மோதி வந்த அலையைப் பிரித்தறிவதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. கூடவே ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலீலியோ என்று பல செயற்கைக்கோள் கூட்டங்களைக் கேட்கும் கருவிக்கு அந்தக் கீற்று வானத்திலும் ஏழெட்டுச் செயற்கைக்கோள்கள் அகப்படும். நம் நாட்டின் நாவிக் அமைப்பு எல்5 அலைவரிசையில் ஒலிபரப்பி வந்தது. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்விஎஸ்-01 முதல் எல்1-இலும் ஒலிபரப்பத் தொடங்கியிருக்கிறது. இனி வரும் கருவிகளில் நாவிக் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மூடுபனியும் மேகமும் ஜிபிஎஸ்ஸை மறைக்கும் என்று அஞ்ச வேண்டாம். அந்த அலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. அதை மறைப்பவை பாறை, ஈர இலை, உங்கள் உடல். கருவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். தோள் பட்டையின் மேல்பகுதியில், ஆன்டெனா வானம் பார்க்க மாட்டுங்கள்.

வரைபடத்தைப் பற்றி. கருவியோடு வரும் உலக வரைபடத்தில் நம் மலை வெறும் பச்சைத் திட்டாகத் தெரியும். அது பயன்படாது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற வரைபடத்தின் தரவிலிருந்து கார்மின் கருவிக்கென்றே ஆக்கிய கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சம உயரக் கோடுகளோடு வரும் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம் என்று பள்ளியில் படித்தது இங்கேதான் உயிர் காக்கும். ஆனால் அதில் வரைந்திருக்கும் ஒற்றையடிப் பாதைகளை யாரோ ஒருவர் என்றோ பதிந்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத் தோட்டக்காரர் வேலி போட்டிருக்கலாம், மழையில் மண் சரிந்து பாதை போயிருக்கலாம். பதிந்தவர் அனுமதி இல்லாமல் நுழைந்தவராகவும் இருக்கலாம். மாநில எல்லைக் கோடும் அப்படித்தான். திரையில் தெரியும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன் என்று வனக் காவலரிடம் வாதாட முடியாது.

இந்திய நில அளவைத் துறையின் தாள் வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும். நம் பகுதி 58 எஃப், 58 ஜி என்ற எண்களுக்குள் வருகிறது. பத்தாவது அட்சரேகைக்கு வடக்கே போடி, மூணாறு எல்லாம் எஃப். தெற்கே கம்பம், குமுளி, மேகமலை எல்லாம் ஜி. 1:50,000 அளவுத் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். இதில் புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்றிருக்கிறது. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையின் வழிவந்தவை நம் பழைய தாள்கள். அவை எவரெஸ்ட் கோளவடிவை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பின்பற்றுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு அடிப்படையை. இரண்டும் பூமியின் வடிவத்தையும் மையத்தையும் சற்றே வெவ்வேறாகக் கொள்கின்றன. அதனால் பழைய தாளில் படித்த அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே கருவியில் இட்டால் நம் பகுதியில் ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். தாளில் நான்கு மில்லிமீட்டர்தான். மலையில் அது முகட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம். 2005-இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று வந்த புதிய தொடர்த் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இலேயே இருக்கின்றன. கையில் இருப்பது எந்த வகை என்று தாளின் ஓரக் குறிப்பில் பார்த்து, அதற்கேற்பக் கருவியின் அமைப்பை மாற்றுங்கள். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டர் கணக்கில் இடத்தைக் குறிக்கும் யுடிஎம் கட்டங்களைப் பயன்படுத்தினால் நம் மலைகள் 43-ஆம் மண்டலம். 78-ஆம் தீர்க்கரேகையைத் தாண்டியதும் 44 தொடங்கிவிடுகிறது, மதுரை அதில்தான் இருக்கிறது.

இதைவிட எளிய தவறு ஒன்று எங்களை ஒரு நாள் அலைக்கழித்தது. தோட்டப் பாதையில் ஜீப் நிறுத்த வேண்டிய இடத்தை நண்பர் கைப்பேசியில் பார்த்து அட்சரேகை 10.05 என்று தாளில் எழுதிக் கொடுத்தார். ஓட்டுநரின் கருவி டிகிரி, நிமிடம் என்ற முறையில் இருந்தது. அவர் 10 டிகிரி 05 நிமிடம் என்று இட்டுக்கொண்டார். 10.05 டிகிரி என்பது 10 டிகிரி 3 நிமிடம். இரண்டு நிமிட வேறுபாடு. ஒரு நிமிடம் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் என்பதால் அவர் எங்களிடமிருந்து 3.7 கிலோமீட்டர் வடக்கே, வேறொரு தோட்டத்தில் காத்திருந்தார். நாங்கள் இருட்டிய பிறகு, யானை நடமாடும் நேரத்தில், அந்தத் தூரத்தையும் நடந்தோம். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரே முறைதான்: தசம டிகிரி, புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம். ஐந்தாவது இலக்கம் தரையில் ஒரு மீட்டர் அளவு, அதற்கு மேல் எழுதுவது வீண். நான்கு பேரின் கருவியும் கைப்பேசியும் ஒரே முறையில் இருக்கின்றனவா என்று புறப்படும் காலையிலேயே ஒருவர் சரிபார்க்க வேண்டும். எண்ணை வாயால் சொல்லும்போது எதிரில் இருப்பவர் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும்.

உயரம் பற்றி ஒரு வியப்பான செய்தி. ராமேஸ்வரம் கடற்கரையில் நின்று சில கைப்பேசிச் செயலிகளைத் திறந்தால் கடல் மட்டத்துக்குக் கீழே தொண்ணூறு மீட்டருக்கும் மேல் என்று காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். ஜிபிஎஸ் முதலில் அளப்பது கணிதத்தில் வரைந்த வழவழப்பான நீள்கோளத்திலிருந்து உள்ள உயரத்தை. உண்மையான கடல் மட்டமோ ஈர்ப்பு விசைக்கேற்ப மேடு பள்ளமாக இருக்கிறது. உலகிலேயே அந்த மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது, நூறு மீட்டருக்கும் அதிகமான தாழ்வு. அதன் விளிம்பில் நம் தென்னாடு இருப்பதால் நம் மலைகளிலும் இந்த வேறுபாடு தொண்ணூறு மீட்டர் அளவுக்கு வருகிறது. நல்ல கருவி இதைத் தானே திருத்திக் காட்டும். திருத்தாத செயலியின் எண்ணையும் கருவியின் எண்ணையும் கலந்து குறிப்பேட்டில் எழுதினால் உங்கள் பறவைக் கணக்கே பாழாகும். 32எக்ஸில் உள்ள காற்றழுத்த உயரமானியை வானிலை ஏமாற்றும். அழுத்தம் ஒரு மில்லிபார் இறங்கினால் எட்டு ஒன்பது மீட்டர் ஏறியதாகக் காட்டும். ஆகவே புறப்படும்போது தெரிந்த உயரத்தில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். ரயில் நிலைய மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பது வழக்கம். 2023-இல் போடிக்கு மீண்டும் ரயில் வந்துவிட்டதால் உங்களுக்கு அந்த வசதி வீட்டருகிலேயே இருக்கிறது.

இனி நடக்கும்போது. கருவியில் இருக்கும் நூறு வசதிகளில் இரண்டைத்தான் நான் உயிராக மதிக்கிறேன். ஒன்று, புறப்பட்ட இடத்தைக் குறிப்பது. மற்றது, நடந்த தடத்தைப் பதிவது. ஜீப்பிலிருந்து இறங்கியதும் பழைய தடத்தைச் சேமித்து, திரையிலிருந்து அழித்துவிட்டு, புதிய பதிவைத் தொடங்கி, 'ஜீப்' என்று ஒரு புள்ளி வையுங்கள். வழியில் பாதை பிரியும் இடம், ஓடையைக் கடக்கும் இடம், தண்ணீர் கிடைக்கும் ஊற்று, கைப்பேசிக்குச் சிக்னல் கிடைத்த பாறை ஆகியவற்றுக்கும் புள்ளி வையுங்கள். 001, 002 என்று கருவி இடும் எண்ணை அப்படியே விடாதீர்கள், மாலையில் எது எதுவென்று தெரியாது. 'ஊற்று', 'பிரிவு' என்று இரண்டெழுத்துச் சுருக்கமாவது ஆங்கிலத்தில் இடுங்கள். 'லாக் ஆன் ரோடு' என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அது கார் ஓட்டுபவர்களுக்கானது. நீங்கள் காட்டுக்குள் நிற்கும்போதும் பக்கத்துத் தோட்டச் சாலையில் நிற்பதாகக் காட்டிவிடும்.

தடப் பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு தை மாதம் கற்றேன். எல்லைமுகட்டுப் புல்மேட்டில் ஆறு பேர் இருந்தோம். பிற்பகலில் கேரளப் பக்கத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து பத்து நிமிடத்தில் முன்னால் நடப்பவரின் முதுகு மறைந்தது. எங்கள் கூடாரம் இருந்த இடத்தைக் காலையிலேயே குறித்து வைத்திருந்தோம். குழுவில் இளையவர் ஒருவர் கருவியில் 'கோ டு' என்பதை அழுத்தினார். 700 மீட்டர் என்று காட்டியது, அம்பும் தெளிவாக ஒரு பக்கம் நீட்டியது. மகிழ்ச்சியோடு அந்தத் திசையில் இறங்கத் தொடங்கினோம். எங்களோடு வந்த முதுவர் இனப் பெரியவர் பத்தடி வைத்ததும் உட்கார்ந்துவிட்டார். "கீழே தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, ஓடும் சத்தம் கேட்கவில்லை. இந்தப் பக்கம் இறக்கம் கிடையாது" என்றார். கருவி சொன்ன 700 மீட்டர் பருந்துக்கான தூரம். இடையில் பாறை அறுந்து நின்றது. அந்த அம்புக்குப் பள்ளம் தெரியாது, சோலை தெரியாது, யானை நிற்பது தெரியாது. பிறகு நானே கருவியை வாங்கி, காலையிலிருந்து பதிந்திருந்த தடத்தைத் திறந்து, வந்த தடத்திலேயே திரும்பக் கூட்டிச் செல்லும் 'டிராக்பேக்' போட்டேன். வந்த வழியே வளைந்து நெளிந்து 2 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மணி நேரமாயிற்று. திரையில் அம்புக்குறி கோட்டை விட்டு விலகும்போதெல்லாம் நின்று, கோட்டின் மேல் வந்த பிறகே அடுத்த அடி வைத்தோம். கூடாரத்தின் கயிறு காலில் தட்டியபோதுதான் அதைக் கண்டோம்.

அந்தப் பெரியவரிடம் கருவி இல்லை. அவர் காதில் இருந்தது எந்தக் கருவியிலும் இல்லை. ஆகவே கருவி வாங்கிவிட்டோம் என்று உள்ளூர் வழிகாட்டியை விட்டுவிட்டுப் போகும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். காட்டில் மிக அகலமான, மிக நல்ல சரிவில் போகும் பாதை பெரும்பாலும் யானை போட்டது. திரையில் உங்கள் தடம் நேர்த்தியாக விழுந்துகொண்டிருக்கும், நீங்கள் நேரே அவற்றின் தண்ணீர்த் துறைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். முதுவரும் பளியரும் சாணத்தின் சூட்டைப் பார்த்தே திரும்பிவிடுவார்கள்.

அனுமதி பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் தோளில் சுமந்து இறங்கியதை நம் மாவட்டம் மறக்காது. மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அதை ஒட்டிய கேரளப் பக்கம் பெரியார் புலிகள் காப்பகம். முகட்டுப் பாதையில் சில அடி விலகினால் இன்னொரு மாநிலத்தின் சட்டத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள். யாரோ தன் நடைத்தடத்தைப் பதிந்து இணையத்தில் ஏற்றிய ஜிபிஎக்ஸ் கோப்பு இருக்கிறது என்பது அனுமதிச் சீட்டாகாது. எதிர்த் திசையிலும் இதே பொறுப்பு இருக்கிறது. அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை ஐந்து இலக்கத் துல்லியத்தோடு பொதுவில் போடாதீர்கள். வனத்துறைக்குக் கொடுக்கும் அறிக்கையில் இருந்தால் போதும்.

காந்த ஊசி வைத்த சாதாரணத் திசைகாட்டி ஒன்று கழுத்தில் தொங்கட்டும். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு மேற்கே இரண்டு டிகிரிக்குள்தான், நடைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம். போகும் பாதை, முக்கியப் புள்ளிகள், திரும்பும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். உங்களைத் தேடி வருபவர்களுக்கு அந்தத் தாள்தான் வரைபடம்.

கருவி வந்ததும் நேரே மலைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் கம்பம் பக்கம் வாருங்கள். இங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே வரப்பும் வாய்க்காலும் சந்தும் பின்னிக் கிடக்கின்றன, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிப் பந்தல். ஒருவர் கருவியில் தடம் பதிந்துகொண்டே ஒரு மணி நேரம் சுற்றட்டும். மற்ற மூவரும் பேசிக்கொண்டே, வழியைக் கவனிக்காமல் பின்னால் நடக்கட்டும். பிறகு கருவியை அந்த மூவரில் ஒருவரிடம் கொடுத்து, 'டிராக்பேக்' மட்டும் வைத்துப் புறப்பட்ட இடத்துக்கு எல்லோரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். நால்வருக்கும் அது கைவரும் வரை செய்யுங்கள். கருவி வைத்திருப்பவருக்கே கால் பிசகலாம் அல்லவா? பந்தலுக்கு அடியில் புள்ளி எவ்வளவு அலைகிறது, வரப்பில் வெளியே வந்ததும் எப்படி நிலைக்கிறது என்பதையும் கவனியுங்கள். நானும் கூட வருகிறேன்.